வெறும் பாக்குதானே!

சென்ற ஆண்டு காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள், ஏற்காடு மலையில் நான் வசிக்கும் செம்மநத்தத்திலிருந்து காப்பி மூட்டைகளைச் சேலத்துக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவர் எங்கள் வீட்டில் மதிய உணவு அருந்த நேர்ந்தது. வயது முப்பத்திரண்டு. சோற்றைக் கவளமாக எடுக்காமல் ரசத்தில் கரைத்து, கரண்டி நுனியால் சிறிது சிறிதாக உள்ளே தள்ளிக் கொண்டிருந்தார். காரம் பட்டதும் கண்களில் நீர் கோத்தது. வாயை நன்றாகத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

"புகையிலையைத் தொட்டதே இல்லைங்க சார். வெறும் பாக்குதானே! மலைப்பாதையில தூக்கம் வராம இருக்கட்டும்னு வாயில போட்டுக்குவேன். பத்தாவது படிக்கறப்ப பழகினதுங்க" என்றார்.

சேலத்தில் அவரைப் பரிசோதித்த பல் மருத்துவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: வாயின் உட்சவ்வுக்கு அடியில் உள்ள திசு நாராக இறுகும் நோய். இது புற்றுநோய் அன்று. ஆனால், புற்றுநோய்க்கு முந்தைய நிலைகளுள் ஒன்று. நான் பொருளியல் கற்பித்தவன், மருத்துவன் அல்லன். எனினும், அந்த 'வெறும்' என்ற சொல் என்னை உறுத்தியது. இறுகிப் போன ஒரு சதைக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு விடை தேடிய அறிவியலாளர்கள் கோழிக் குஞ்சுகளிடமும் சுண்டெலிகளிடமும் கண்டறிந்தவை, நம் மாநிலத்துப் பெட்டிக்கடைகளில் தொங்கும் பாக்குப் பொட்டலத்தைப் புதிய கண்ணோடு பார்க்க வைக்கின்றன.

நம் உடல் உயிரணுக்களால் ஆனது என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மைதான். உயிரணுக்களுக்கு இடையே அவற்றைத் தாங்கி நிற்கும் ஒரு பின்னல் இருக்கிறது. எக்ஸ்ட்ராசெல்லுலர் மேட்ரிக்ஸ் என்று மருத்துவ நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. நாம் புறப்பின்னல் என்று சொல்லலாம். கொலாஜன் என்னும் புரதம் அதில் கயிறுபோல ஓடுகிறது. எலாஸ்டின் நெகிழ்ச்சி தருகிறது. ஹயலுரோனிக் அமிலம் கூழ்போல இடைவெளிகளை நிரப்புகிறது. உயிரணுக்கள் தம் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்களால் இந்தப் பின்னலைப் பற்றிக் கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியின் வழியாகவே தம்மைச் சுற்றியுள்ள இடம் மென்மையானதா, இறுக்கமானதா என்பதை உணர்கின்றன. பெருகுவதா, அடங்கி இருப்பதா என்ற முடிவில் அந்த உணர்வுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பின்னலின் முதன்மைக் கயிறான கொலாஜனுக்கும் சென்னைக்கும் நெருங்கிய உறவு உண்டு. உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். அதன் வடிவம் என்ன என்பது 1950-களின் தொடக்கத்தில் உலக அறிவியலாளர்கள் பலரும் போட்டியிட்டுத் தேடிய விடை. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரனும் அவருடைய சகா கோபிநாத் கர்த்தாவும், கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தனர். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு அது என்று 1954-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். மறு ஆண்டே அந்த வடிவத்தை மேலும் செம்மைப்படுத்தினர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டதும் அதே 1954-இல்தான். கொலாஜனும் புற்றுநோயும் ஒரே ஆராய்ச்சியில் சந்திக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கொலாஜனைக் கையாள்வதில் தமிழகத்துக்கு அதைவிடப் பழைய அனுபவமும் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலின் மூலப்பொருளும் கொலாஜனே. பச்சைத் தோல் விரைவில் அழுகிவிடும். அதை ஆவாரம்பட்டை ஊறிய நீரில் இட்டுவைத்தால், பட்டையில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கொலாஜன் கயிறுகளுக்குள் புகுந்து அவற்றைப் பிணைத்துவிடும். அதன் பிறகு எந்த நொதியாலும் அதை எளிதில் அரிக்க முடியாது. தோல் பதனிடுதல் என்பதன் சாரம் இதுதான். பாக்கின் துவர்ப்பும் டானினால் வருவதே என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, விலங்குகளில் நடந்த சோதனைகளுக்கு வருவோம். கோழிகளுக்குச் சதைப்புற்றை உண்டாக்கும் வைரஸ் ஒன்றை அமெரிக்காவின் பெய்டன் ரூஸ் 1911-இல் விவரித்தார். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இந்த வைரஸைக் கோழிக் குஞ்சின் இறக்கையில் செலுத்தினால் கட்டி வளரும். ஆனால், முட்டைக்குள் இருக்கும் இளங்கருவில் அதே வைரஸைச் செலுத்தியபோது கட்டி தோன்றவில்லை என்பதைக் கலிபோர்னியாவின் பெர்க்கிலி ஆய்வகத்தைச் சேர்ந்த மினா பிஸ்ஸலும் அவருடைய குழுவினரும் 1984-இல் காட்டினர். வைரஸின் புற்று மரபணு கருவின் உயிரணுக்களுக்குள் விழித்துச் செயல்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த உயிரணுக்களைக் கருவிலிருந்து பிரித்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது, அவை புற்றுயிரணுக்களின் குணத்தைக் காட்டின. மரபணு மாறவில்லை, இருந்த இடம்தான் மாறியது.

அடுத்த ஆண்டு அதே குழு மற்றொன்றையும் கண்டது. குஞ்சின் ஓர் இறக்கையில் வைரஸைச் செலுத்தினால் அந்த இடத்தில் மட்டுமே கட்டி வரும். வைரஸ் குருதியில் பரவியிருந்தாலும் மற்ற இறக்கை நலமாகவே இருக்கும். ஆனால், அந்த மற்ற இறக்கையில் காயம் ஒன்றை உண்டாக்கினால் அங்கும் கட்டி முளைத்தது. காயம் ஆறும்போது புறப்பின்னல் கலைந்து மீண்டும் நெய்யப்படுகிறது. அந்தக் குழப்பமே, அடங்கிக் கிடந்த புற்றுக்கு வாசலைத் திறந்துவிட்டது.

சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகள் இதை மேலும் துல்லியமாக்கின. நம் உடலில் பழைய கொலாஜனைக் கொலாஜனேஸ் என்னும் நொதி வெட்டி அகற்றிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் புதியது நெய்யப்படும். இந்த நொதியால் வெட்டமுடியாத கொலாஜனைக் கொண்ட சுண்டெலி வகை ஒன்று உண்டு. அவற்றின் மார்புத் திசுவில் கொலாஜன் அடர்ந்து சேர்ந்துவிடும். அவற்றை மார்புப் புற்று வரும் இயல்புடைய எலிகளோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலந்து வளர்த்தனர். 2008-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, கொலாஜன் அடர்ந்த எலிகளில் கட்டிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு தோன்றின. நுரையீரலுக்கும் அவை அதிகமாகப் பரவின.

அளவு மட்டுமல்ல, பிணைப்பும் முக்கியம் என்பதை 2009-இல் 'செல்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி கொலாஜன் கயிறுகளைக் குறுக்கே முடிச்சிட்டுப் பிணைக்கிறது. இந்த நொதி வேலை செய்யத் தாமிரம் தேவை. பிணைப்பு மிகும்போது திசு இறுகுகிறது. இறுக்கத்தை இன்டெக்ரின் வழியாக உணரும் உயிரணுக்களில் பெருக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைகள் வலுக்கின்றன. இந்த நொதியைத் தடுத்தபோது, எலிகளின் திசு இளகியது. கட்டிகள் தாமதமாகவும் குறைவாகவும் தோன்றின.

இந்த இரண்டு சோதனைகளையும் படித்துவிட்டுப் பாக்கைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளுக்குத் திரும்பியபோது நான் திடுக்கிட்டேன். ஆய்வகத்தில் எலிகளுக்கு மரபணுவைத் திருத்தி உண்டாக்கிய நிலையை நம் இளைஞர்கள் சில ரூபாய்க்கு வாங்கித் தமக்குத் தாமே உண்டாக்கிக் கொள்கிறார்கள். பாக்கில் உள்ள அரிகோலின் என்னும் பொருள், கொலாஜனை நெய்யும் உயிரணுக்களைத் தூண்டுகிறது. பாக்கின் டானின் கொலாஜனைப் பிணைத்து, வெட்டும் நொதிக்கு அடங்காததாக்குகிறது; ஆவாரம்பட்டை ஆட்டுத்தோலுக்குச் செய்வதைப் பாக்கு கன்னத்துக்குச் செய்கிறது. பாக்கில் மிகுந்துள்ள தாமிரம் லைசில் ஆக்சிடேஸுக்குத் துணைபோகிறது. இந்நோயாளிகளின் வாய்த்திசுவில் அந்த நொதி மிகுந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. உற்பத்தி கூடுகிறது, அழிவு குறைகிறது, முடிச்சு இறுகுகிறது. இரத்தக் குழாய்கள் நெரிபட, மேலே உள்ள சவ்வு மெலிகிறது. புற்று தொடங்குவது அந்தச் சவ்வில்தான். பாக்கின் அரிகோலினிலிருந்து உருவாகும் நைட்ரோசமைன்கள் மரபணுவையும் நேரடியாகச் சிதைக்கின்றன. ஆக, வித்தும் கெடுகிறது, நிலமும் கெடுகிறது.

இந்த நோயை மருத்துவ உலகம் முறையாகப் பதிவு செய்தது 1952-இல், கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம். அதற்குப் பிறகு, கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் கண்ட 66 பேரை 17 ஆண்டுக் காலத்தில் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 5 பேருக்கு, அதாவது 7.6 விழுக்காட்டினருக்கு, வாய்ப்புற்று வந்தது. 1985-இல் வெளியான அந்தக் கணக்கு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலக்காத பாக்கையே மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் அறிவித்தது. புகையிலைக்கும் அதே முதல் பிரிவுதான். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.4 லட்சம் பேருக்கு உதடு, வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக அம்முகமையின் மதிப்பீடு சொல்கிறது. இதில் புகையிலையின் பங்கு பெரிது. பாக்கின் பங்கு பேசப்படாதது.

அப்படியானால், இறுகிய பின்னலை மருந்தால் கரைத்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். அறிவியலாளர்களும் அவ்வாறே எண்ணினர். கணையப் புற்றுக்கட்டியைச் சுற்றி நாரும் கொலாஜனும் மதில்போல் சூழ்ந்திருக்கும். 2009-இல் சுண்டெலிகளில் அந்த மதிலை மெலியச் செய்யும் மருந்தைக் கொடுத்தபோது, புற்றுநோய் மருந்து கட்டிக்குள் நன்றாகப் புகுந்தது. எலிகளும் கூடுதல் நாள் வாழ்ந்தன. ஆனால், மனிதர்களில் நடந்த சோதனையில் அந்த மருந்தைப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமான நிலையை அடைந்ததால் 2012-இல் சோதனை நிறுத்தப்பட்டது. சூழ்ந்திருக்கும் நார்த்திசுவை அழித்தால் கட்டி மேலும் மூர்க்கமாகிறது என்பதை 2014-இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கட்டிக்குத் துணைநின்ற பின்னலே அதற்கு வேலியாகவும் இருந்திருக்கிறது.

பொருளியல் படித்தவனுக்கு இதில் வியப்பில்லை. ஓர் ஊரின் கட்டமைப்பு சிதைந்தபின், அதில் உள்ள கோணலான பகுதியை மட்டும் இடித்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நம்பிய திட்டங்கள் பல நாட்டிலும் தோற்றிருக்கின்றன. விலங்குச் சோதனைகள் காரணத்தைத் தெளிவாகக் காட்டின. மருந்துக்கு எளிய வழியைத் தரவில்லை. வாயின் நிலையும் அதுதான். ஊசி மருந்தும், வாய் திறக்கும் பயிற்சியும், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் ஓரளவு உதவுகின்றன. ஆனால், பாக்கை நிறுத்திய பிறகும் இறுகிய நார் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே, பின்னல் இறுகாமல் காப்பதே நம் கையில் உள்ள ஒரே உறுதியான வழி.

அந்த வழியில் நாம் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறோம்? தமிழகத்தில் குட்கா முதலியவற்றுக்கு 2013 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடை விதிக்கப்பட்டு வருகிறது. அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்ததும், அதற்கு உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் இடைக்காலத் தடை விதித்ததும் செய்திகளாயின. இந்த விவாதம் முழுவதும் புகையிலையையும் நிகோட்டினையும் சுற்றியே நடந்தது. இனிப்பும் நறுமணமும் ஏற்றிய பாக்கு, மிட்டாயோடு மிட்டாயாகக் கடைகளில் தொங்குகிறது. உடல்நலத்துக்குத் தீங்கு என்று அதில் அச்சிட வேண்டும் என விதி உண்டு. அதைப் படிக்கும் பொறுமை பதினைந்து வயதுச் சிறுவனுக்கு இருக்குமா?

'தாம்பூலம் தரித்து நூறாண்டு வாழ்ந்தவர்கள் இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. வெற்றிலையின் இடையே, விருந்துக்குப்பின், எப்போதாவது ஒரு சீவல் என்பது ஒரு பழக்கம். உலர்த்திப் பொட்டலமிட்ட பாக்கைக் காலை முதல் இரவு வரை கன்னத்தில் அடக்கிவைப்பது வேறொரு பழக்கம். பொட்டலப் பழக்கத்தில் இந்நோய் வெற்றிலைப் பழக்கத்தைவிட விரைவாக வருகிறது என்று இந்திய ஆய்வுகள் கூறுகின்றன. திருமணத் தட்டில் இருக்கும் பாக்கின் மங்கலத்தைப் பொட்டலப் பாக்கு இரவல் வாங்கிக் கொண்டிருக்கிறது என்பதே உண்மை.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். இந்த மலையிலிருந்து இறங்கினால் வாழப்பாடியும் பெத்தநாயக்கன்பாளையமும் பாக்குத் தோப்புகளால் நிறைந்தவை. தமிழகத்தில் பாக்கு அதிகம் விளையும் மாவட்டங்களுள் சேலம் முன்வரிசையில் நிற்பது. உலகின் பாக்கு விளைச்சலில் பாதிக்கும் மேல் இந்தியாவுடையது. மரமேறுபவர், உரிப்பவர், வேகவைப்பவர் எனப் பல குடும்பங்களுக்கு அதுவே சோறு. அவர்களைக் குற்றவாளிகளாக்குவது நியாயமன்று. ஆனால், பொட்டலத்தின் விலையில் அடங்காத செலவு ஒன்று உண்டு. அதை நோயாளியின் குடும்பமும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக வரி செலுத்தும் நாமும் ஏற்கிறோம். லாபம் ஒரு பக்கமும் செலவு வேறு பக்கமும் விழும்போது, சந்தை தானாகத் திருந்தாது என்பது பொருளியலின் பாலபாடம்.

தைவான் இதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அங்குப் பாக்கைப் பெரும்பாலும் புகையிலை இல்லாமலே மெல்லுகிறார்கள். இருந்தும் வாய்ப்புற்று பெருகியது. அரசு விழிப்புணர்வையும் இலவச வாய்ப் பரிசோதனையையும் ஒருங்கே நடத்தியது; பாக்கு மரத்தை அகற்றி மாற்றுப் பயிருக்கு மாறும் விவசாயிகளுக்கு மானியம் கொடுத்தது. 2007-இல் ஆண்களில் சுமார் 17 விழுக்காட்டினரிடம் இருந்த பழக்கம், பத்தாண்டுகளில் சுமார் 6 விழுக்காடாகக் குறைந்தது.

நம்மால் முடியாதா? பாக்கு மரத்தில் மிளகுக் கொடி ஏற்றும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. 2019-இல் நெகிழித் தடை வந்தபின் பாக்கு மட்டைத் தட்டுகளுக்குச் சந்தை விரிந்திருக்கிறது. மரத்தை வெட்டாமலேயே வருமானத்தை மெல்ல வேறு திசைக்குத் திருப்ப, தோட்டக்கலைத் துறை துணை நிற்கலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்ற விதியைப் பொட்டலப் பாக்குக்கும் நீட்டிக்கலாம். மலைக் கிராமப் பள்ளிகளிலும் ஓட்டுநர்கள் கூடும் இடங்களிலும் வாய்ப் பரிசோதனை முகாம்கள் நடத்தலாம்.

பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தம்முடைய ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைத்துப் பார்க்க வேண்டும். பற்களுக்கு இடையே மூன்று விரலும் நுழைந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. நுழையாவிட்டாலோ, காரம் பட்டால் கன்னம் எரிந்தாலோ, பாக்கை அன்றே நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரைப் பார்ப்பதே அறிவுடைமை.

அந்த ஓட்டுநர் பாக்கை விட்டு இப்போது எட்டு மாதம் ஆகிறது. மருத்துவர் சொன்ன பயிற்சியை நாள்தோறும் செய்கிறார். இரண்டு விரல் நுழைகிறது, மூன்றாவது நுழையவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகன் ஒருவன் இருக்கிறான். சென்ற வாரம் அவன் சட்டைப்பையில் இருந்த பாக்குப் பொட்டலத்தை எடுத்துத் தூர எறிந்ததாகச் சொன்னார். 'வெறும் பாக்குதானே' என்று அந்தச் சிறுவன் சொன்னானாம்.